தலக்காடு: காவிரி மணலும் ஓர் ஊரின் வரலாறும்

கர்நாடக மாநிலம் மைசூரு மாவட்டத்தின் திருமகூடலு நரசீபுர வட்டத்தில், மைசூரு நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில், காவிரியின் இடக்கரையில் அமைந்த தலக்காடு இன்று கிராம பஞ்சாயத்தின் ஆட்சிக்கு உட்பட்ட ஊர். வருவாய் நிர்வாகத்தில் ஒரு ஹோப்ளியின் தலைமையிடம். ஹோப்ளி என்பது, தமிழ்நாட்டில் பிர்கா அல்லது குறுவட்டம் என்று வழங்குவதைப் போல, பல ஊர்களை ஒன்றுசேர்த்து வட்டத்துக்குக் கீழே அமைக்கப்படும் அலகு. இந்த ஊர்தான் மேலைக் கங்கருக்கு ஏறத்தாழ ஆறு நூற்றாண்டுகள் தலைநகராக இருந்தது. சோழர் கையில் இராசராசபுரம் என்ற பெயருடன் ஒரு நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. அதனை வென்றதையே தன் பட்டப்பெயராகச் சூடிக்கொண்ட ஹொய்சள மன்னன் ஒருவனையும் கண்டது.

தலக்காட்டைப் பற்றிப் பொதுவாக வழங்கும் செய்திகள் இரண்டு. ஒன்று, அரச குலப் பெண் ஒருத்தியின் சாபத்தால் ஊர் மணலாயிற்று என்பது. மற்றொன்று, பழைய தலைநகர் ஒன்று மணலுக்கு அடியில் புதைந்து கிடக்கிறது என்பது. இவ்விரண்டும் ஊர் அழிந்துபோனதாகவே கொள்கின்றன. ஆனால் தலக்காடு ஒருபோதும் ஆளற்றுப் போகவில்லை. மணல் முன்னேற முன்னேற மக்கள் வீடுகளை விட்டு உள்நோக்கி நகர்ந்தார்கள். நெல்வயல்கள் தொடர்ந்து விளைந்தன. ஊரில் வழிபாடு அறுபடவில்லை. கோயில்களைப் புதைத்த மணலும் வயல்களை வாழவைத்த நீரும் ஒரே அணைக்கட்டின் இரு விளைவுகளாக இருக்கக்கூடும் என்பதே இந்த ஊரின் வரலாற்றில் ஆழ்ந்து நோக்கத்தக்க செய்தி.

ஆறும் நிலமும்

குடகு மலையில் தோன்றி மைசூருப் பீடபூமியின் வழியே கிழக்கு நோக்கி வரும் காவிரியுடன், வயநாட்டில் தோன்றும் கபினி ஆறு திருமகூடலு நரசீபுரத்தில் வந்து சேர்கிறது. கண்ணுக்குப் புலப்படாத மூன்றாவது நீர்நிலை ஒன்றும் அங்கே கலப்பதாக நம்பப்படுவதால் அவ்விடம் முக்கூடலாக மதிக்கப்படுகிறது. 1989 முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அங்கே கும்பமேளா நடந்துவருகிறது. மனிதக் குடியேற்றமும் இப்பகுதியில் மிகப் பழமையானது. நரசீபுரத்தில் எம். சேஷாத்ரி தலைமையில் நடந்த அகழாய்வு, புதிய கற்கால மக்கள் இந்த ஆற்றங்கரையில் வாழ்ந்ததை வெளிக்கொணர்ந்தது.

கூடலுக்குக் கீழே, இரண்டு ஆறுகளின் நீரையும் வண்டலையும் சுமந்துவரும் காவிரி, முடுக்குத்தொரே என்னும் குன்றை ஒட்டியும் தலக்காட்டை ஒட்டியும் கூர்மையாக வளைகிறது; பின்னர் வடகிழக்காகத் திரும்பி, சிவனசமுத்திரத்தில் ககனசுக்கி, பரசுக்கி என்னும் இரு அருவிகளாக விழுகிறது. இந்த அருவியின் ஆற்றலைக் கொண்டு 1902இல் மின்சாரம் எடுத்துக் கோலார் தங்கவயலுக்கு அனுப்பினார்கள் என்பதிலிருந்து, பீடபூமியின் விளிம்பை நெருங்கும் காவிரியின் வலிமையை உணரலாம். ஆறு வளையும் இடங்களில் வெளிக்கரைப் பக்கம் ஓட்டம் விரைந்து கரையை அரிப்பதும், உட்கரைப் பக்கம் ஓட்டம் தளர்ந்து மணலைப் படியவிடுவதும் இயல்பு. தலக்காட்டின் முன்னே கோடையில் விரிந்து கிடக்கும் மணல் பரப்பு இந்த இயல்பினால் சேர்ந்தது. கருங்கல்லும் அதனை ஒத்த வரிப்பாறைகளும் சிதைந்து உண்டாகிய அந்த மணல் பருமனானது, எளிதில் ஒட்டிக்கொள்ளாதது. ஈரம் உலர்ந்துவிட்டால் காற்றில் நகரக்கூடியது.

காற்றும் இங்கே ஒரு காரணி. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மழையைப் பெரும்பாலும் இறக்கிவிட்டு, மழைமறைவுப் பகுதியாகிய மைசூருப் பீடபூமியின் கிழக்குப் பக்கத்துக்கு வரும்போது, மழை குன்றினாலும் வேகம் குன்றுவதில்லை. ஆற்றுப்படுகை வறண்டு கிடக்கும் காலத்தில் அக்காற்று வீசத் தொடங்கினால், படுகையின் மணல் வடகிழக்குக் கரையில் இருக்கும் ஊரை நோக்கியே வந்து சேரும். உள்நாட்டில், கடலிலிருந்து வெகு தொலைவில், ஓர் ஆற்றங்கரையில் மணற்குன்றுகள் எழுந்ததற்கு வளைவு, படுகை, காற்று ஆகிய இம்மூன்றும் ஒன்றாக அமைந்ததே அடிப்படை.

கங்கரின் தலைநகர்

மேலைக் கங்கர் கி.பி. 4ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கோலாரில் ஆட்சியைத் தொடங்கினார்கள். அரிவர்மன் என்னும் மன்னன் காலத்தில் தலைநகர் தலக்காட்டுக்கு மாற்றப்பட்டது என்பது வழங்கிவரும் வரலாறு. வடமொழிச் செப்பேடுகளில் இவ்வூர் தலவனபுரம் எனப்படுகிறது. அவர்கள் ஆண்ட நாடு கங்கவாடி. கல்வெட்டுகளின் மரபுப்படி அது 96,000 என்ற எண்ணுடன் சேர்த்துச் சொல்லப்படும். இன்றைய மைசூரு, மண்டியா, ஹாசன், துமகூரு, கோலார், பெங்களூரு வட்டாரங்களைப் பெரும்பாலும் உள்ளடக்கிய அந்த நாட்டுக்கு, காவிரியின் கடவுத்துறைகளைக் காத்துக்கொண்டு நன்செய் வளமும் உடைய தலக்காடு ஏற்ற தலைமையிடமாக அமைந்தது.

தொடக்ககாலக் கங்கரின் காலவரிசை நெடுங்காலம் அறிஞர்களிடையே வாதத்துக்கு உள்ளாகி இருந்தது. மைசூரு சமத்தானத்தின் கல்வெட்டுகளைத் தொகுத்து ‘எபிகிராபியா கர்நாடிகா’ என்னும் பெருந்தொடரை வெளியிட்ட பி. லூயிஸ் ரைஸ், கங்கரின் பழைய செப்பேடுகளை நம்பத்தக்க சான்றுகளாகக் கொண்டார்; ஜே. எஃப். ஃபிளீட், அவற்றுள் பல பிற்காலத்தில் புனையப்பட்ட போலிகள் என்று மறுத்தார். இந்த வாதத்தின் பயனாக ஒவ்வொரு செப்பேடும் எழுத்தமைதி, மொழிநடை, வானியல் குறிப்பு ஆகியவற்றைக் கொண்டு தனித்தனியே சோதிக்கப்பட்டது. இன்று எழுதப்படும் கங்கர் வரலாறு அந்தச் சோதனைக்குப் பின் எஞ்சிய சான்றுகளின் மேல் நிற்கிறது.

கங்க மன்னர்கள் போரினால் மட்டும் அறியப்பட்டவர்கள் அல்லர். 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த துர்விநீதன், பாரவியின் ‘கிராதார்ஜுனீய’த்தின் பதினைந்தாம் சருக்கத்துக்கு உரை எழுதியவனாகக் குறிக்கப்படுகிறான், கன்னடத்தின் மிகப் பழைய இலக்கண நூலாகிய ‘கவிராஜமார்க்கம்’ அவனைப் பழைய உரைநடையாளர்களுள் ஒருவனாகக் கூறுகிறது. 8ஆம் நூற்றாண்டில் நெடுங்காலம் ஆண்ட ஸ்ரீபுருஷன், யானைகளைப் பற்றிய ‘கஜசாஸ்திரம்’ என்னும் நூலை இயற்றியவனாக மதிக்கப்படுகிறான். யானையே கங்கரின் இலச்சினை. சமணத்தைப் பெரிதும் போற்றிய இம்மரபின் அமைச்சரும் தளபதியுமாகிய சாவுண்டராயரே, 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிரவணபெளகொளாவில் கோமதேசுவரரின் பெருஞ்சிலையை நிறுவியவர்.

தமிழ் வரலாற்றுடன் கங்கர் நேரடியாக மோதிய நிகழ்ச்சி 949இல் நடந்த தக்கோலப் போர். இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் பக்கம் நின்ற கங்க மன்னன் இரண்டாம் பூதுகன், சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் மகன் இராசாதித்தனை அப்போரில் கொன்றான். மண்டியா மாவட்டத்தின் ஆதகூரில் கிடைத்த நடுகல் ஒன்று இச்செய்தியைச் சொல்கிறது. காட்டுப்பன்றியுடன் போரிட்டு மடிந்த ஒரு நாயின் நினைவுக்காகவும் அதே கல் நடப்பட்டது என்பது அதன் தனிச் சிறப்பு.

இராசராசபுரம்

தக்கோலத்துக்குப் பின் அரை நூற்றாண்டு கழித்து நிலைமை தலைகீழானது. கங்கரைத் தாங்கி நின்ற இராட்டிரகூடப் பேரரசு 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வீழ்ந்தது. முதலாம் இராசராசனின் படைகள் காவிரியின் மேற்பகுதியை நோக்கி நகர்ந்தன. அவனுடைய மெய்க்கீர்த்தியில் இடம்பெறும் கங்கபாடி, நுளம்பபாடி, தடிகைபாடி ஆகிய மூன்றும் இந்தப் பீடபூமியைச் சேர்ந்த நாடுகளே. 1004ஆம் ஆண்டளவில் தலக்காடு சோழர் வசமாயிற்று. கங்கர் ஆட்சி அத்துடன் முடிவுற்றது. ஊருக்கு இராசராசபுரம் என்றும், எதிர்க்கரையில் உள்ள மாலங்கிக்கு சனநாதபுரம் என்றும், கங்கபாடிக்கு முடிகொண்ட சோழமண்டலம் என்றும் பெயர்கள் இடப்பட்டன. சனநாதன் என்பது இராசராசனின் பட்டப்பெயர்களுள் ஒன்று. ஆற்றின் இரு கரைகளிலும் ஒரே மன்னனின் பெயரைப் பொறித்த இச்செயல், அக்கடவுத்துறையைச் சோழர் எவ்வளவு முதன்மையாகக் கருதினார்கள் என்பதைக் காட்டுகிறது.

சோழர் ஆட்சி எதிர்ப்பின்றி நிலைக்கவில்லை. இதே வட்டாரத்தின் கலியூரில் உள்ள 1007ஆம் ஆண்டளவிலான கல்வெட்டு, இராசராசனின் தளபதி அப்பிரமேயன் ஹொய்சள அமைச்சன் நாகண்ணனின் படையுடன் பொருது வென்றதைக் கூறுகிறது. பின்னாளில் பேரரசாக வளர இருந்த ஹொய்சளர், அப்போது மலைநாட்டுச் சிறு தலைவர்களாக இருந்த நிலையிலேயே சோழருடன் மோதத் தொடங்கிவிட்டதற்கு இது சான்று.

சோழர் காலத்தின் நிலைத்த தடயம் தலக்காட்டுக் கோயில்களில் உள்ள தமிழ்க் கல்வெட்டுகள். ஊரின் பழைய பெயரைத் தலைக்காடு என்று அவை எழுதுகின்றன. கோயிலுக்கு நிலம் அளித்தது, விளக்கெரிக்கப் பொருள் வைத்தது போன்ற வழக்கமான கொடைகளைப் பதிவு செய்யும் அவை, தஞ்சையிலும் குடந்தையிலும் காணப்படும் ஆவணமுறை அப்படியே பீடபூமிக்கு வந்ததைக் காட்டுகின்றன. ஆட்சி மாறிய பின்னும் இம்முறை மறையவில்லை. ஹொய்சளர் காலத்திலும் தலக்காடு வட்டாரத்தில் தமிழில் கல்வெட்டுகள் பொறிக்கப்பட்டன. மறுபுறம், ஆட்சியை இழந்த கங்கர் குலத்தின் கிளைகள் சோழப் பேரரசுக்குள் குறுநிலத் தலைவர்களாகத் தொடர்ந்தன. மூன்றாம் குலோத்துங்கனின் காலத்தில் பவணந்தி முனிவரை ‘நன்னூல்’ இயற்றச் செய்த சீயகங்கன் அம்மரபினன். கோலாரின் பழம்பெயராகிய குவளாலபுரத்தின் தலைவன் என்ற பட்டத்தை அவன் தாங்கியிருந்தான். தலக்காட்டில் அரசிழந்த ஒரு குலத்தின் பெயர் தமிழின் பெரும் இலக்கண நூல் ஒன்றின் பாயிரத்தில் நிலைத்தது.

வெற்றியின் பெயரால் ஒரு கோயில்

ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் படைத்தலைவனான கங்கராஜன், சோழரின் சார்பாகத் தலக்காட்டைக் காத்துவந்த அதியமானை 1116ஆம் ஆண்டளவில் தோற்கடித்து ஊரைக் கைப்பற்றினான். சோழ அரியணையில் அப்போது இருந்தவன் முதலாம் குலோத்துங்கன். இவ்வெற்றி ஹொய்சளருக்கு எவ்வளவு பெரியதாகத் தோன்றிற்று என்பதற்கு, தலக்காட்டைக் கொண்டவன் என்ற பொருளுடைய ‘தலகாடுகொண்ட’ என்னும் விருதை விஷ்ணுவர்த்தனன் தன் பொற்காசுகளிலும் பொறித்துக்கொண்டதே சான்று. பேலூரில் விஜயநாராயணருக்கும் தலக்காட்டில் கீர்த்திநாராயணருக்கும் ஏறத்தாழ ஒரே காலத்தில் கோயில்கள் எழுந்தன. இவ்விரண்டையும் மேல்கோட்டை, தொண்டனூர், கதக் ஆகிய ஊர்களின் நாராயணர் கோயில்களையும் சேர்த்துப் பஞ்ச நாராயணத் தலங்கள் என்பர். சோழநாட்டை விட்டு ஹொய்சள நாட்டுக்கு வந்து தங்கிய இராமாநுசருடன் வைணவ மரபு இவற்றை இணைத்துக் கூறுகிறது.

விண்மீன் வடிவ மேடை, மாவுக்கல்லில் நுணுகிய சிற்பம் என்று ஹொய்சளக் கலை பேலூரில் தனித்துத் தெரிய, தலக்காட்டின் கீர்த்திநாராயணர் கோயில் கருங்கல்லில் அடக்கமான தோற்றத்துடன் எழுந்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் சோழக் கட்டட மரபு நிலவிய ஊரில், உள்ளூரில் கிடைத்த கல்லையும் பழகிய கைகளையும் கொண்டு இக்கோயில் உருவானதாகக் கருத இடமுண்டு. இதற்குப் பின் ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1258இல், இதே வட்டத்தின் சோமநாதபுரத்தில் மூன்றாம் நரசிம்மனின் தண்டநாயகன் சோமநாதன் எழுப்பிய கேசவர் கோயில், ஹொய்சளச் சிற்பக்கலையின் முதிர்ந்த நிலையைக் காட்டுகிறது.

ஊரின் பெரிய சிவாலயமாகிய வைத்தியேசுவரர் கோயில் பல காலத்துக் கைவேலைகள் சேர்ந்த கட்டடம். திராவிட அமைப்பில் கருங்கல்லால் ஆன அதன் வாயிலில் நிற்கும் பெரிய துவாரபாலகர் சிலைகளும், ஒரே கல்லில் குடைந்து தொங்கவிடப்பட்ட சங்கிலி வளையங்களும் காண்போர் கவனத்தை ஈர்ப்பவை. தலன், காடன் என்னும் வேடர் இருவர் ஒரு மரத்தை வெட்ட, அதிலிருந்து குருதி வழிந்ததாகவும், யானைகள் வழிபட்டுவந்த அம்மரத்தின் இலையாலேயே அந்தக் காயம் ஆறியதாகவும், தன்னையே குணப்படுத்திக்கொண்ட இறைவன் வைத்தியேசுவரர் எனப் பெயர் பெற்றதாகவும் தலபுராணம் சொல்கிறது. யானையை இலச்சினையாகக் கொண்டு யானை நூலும் இயற்றிய அரசமரபு ஆண்ட ஊரில், யானைகள் மரத்தை வழிபட்ட கதை வழங்குவதில் வியப்பில்லை.

அணைக்கட்டும் மணலும்

14ஆம் நூற்றாண்டில் விஜயநகர ஆட்சியின் கீழ் வந்த இப்பகுதியில், மாதவமந்திரி என்னும் அமைச்சரின் பெயரால் வழங்கும் அணைக்கட்டு தலக்காட்டுக்கு மேலே காவிரியின் குறுக்கே கட்டப்பட்டது. அணைக்கட்டு என்பது இங்கே நீரைத் தேக்கிவைக்கும் பெரிய அணையைக் குறிக்காது. ஆற்றின் நீர்மட்டத்தைச் சற்றே உயர்த்தி, ஒரு பகுதியைக் கால்வாயில் திருப்பிவிடும் கற்கட்டையே குறிக்கும். கரிகாலன் பெயரால் வழங்கும் கல்லணையைப் பார்த்தவர்க்கு இதன் செயல்முறை எளிதில் விளங்கும். மழைமறைவுப் பகுதியில் ஆண்டு முழுவதும் நெல்லும் கரும்பும் விளைய இக்கால்வாயே வழிசெய்தது.

ஆனால் ஆற்றில் ஓடும் நீரின் ஒரு பகுதியைப் பக்கவாட்டில் திருப்பினால், கட்டுக்குக் கீழே ஓட்டம் மெலிகிறது. ஓட்டம் மெலிந்த ஆறு தான் சுமந்துவரும் மணலை வளைவில் இறக்கிவிடுகிறது. கோடையில் படுகையின் பெரும்பகுதி நீர் இன்றித் திறந்து கிடக்கிறது. கரைகளில் மரங்கள் குறைந்திருந்தால், பருவக்காற்றைத் தடுப்பதற்கு எதுவும் இல்லை. வேளாண் அறிவியலாளரும் கன்னட எழுத்தாளருமாகிய கே. என். கணேசய்யா, தலக்காட்டின் மணலை இந்தக் கோணத்தில் விளக்கி, சாபம் என்று நினைவில் நிற்பது உண்மையில் ஒரு சுற்றுச்சூழல் சீர்குலைவே என்று வாதிட்டார். நிலவியலாளர் சிலர், நிலமேலோட்டின் அசைவுகள் ஆற்றின் போக்கை மாற்றியதையும் காரணமாகக் காட்டுகின்றனர். இவ்விரு விளக்கங்களும் ஒன்றை ஒன்று விலக்குபவை அல்ல. மணல் சேர்வதற்கான களத்தை நிலத்தின் அமைப்பு தந்திருக்க, அந்த மணலைக் காற்றுக்குத் திறந்துவிட்டதில் மனிதர் கட்டிய கட்டு பங்கு வகித்திருக்கலாம்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரைஸ் தம் மைசூருக் கெசட்டியரில் தந்த விவரம் இங்கே பெரிதும் பயன்படுகிறது. மணல் ஆண்டுக்கு 9 அல்லது 10 அடி வீதம், பெரும்பாலும் தென்மேற்குப் பருவக்காலத்தில், ஊரை நோக்கி முன்னேறியதாகவும், மூன்று பக்கமும் மணல் சூழ்ந்ததால் குடியிருப்போர் வீடுகளைக் கைவிட்டு உள்ளே தள்ளிச் செல்ல வேண்டியிருந்ததாகவும், முப்பதுக்கு மேற்பட்ட கோயில்கள் மணலுக்கு அடியில் இருப்பதாகச் சொல்லப்பட்டதாகவும் அவர் எழுதினார். அதே இடத்தில் அவர் குறித்த இன்னொரு செய்தி அவ்வளவாக எடுத்துக்காட்டப்படுவதில்லை: ஊரின் மக்கள்தொகை குறையாமல் பெருகிக்கொண்டிருந்தது, அதற்குக் காரணம் மாதவமந்திரி கால்வாயால் விளைந்த நன்செய் வளம். ஆண்டுக்கு 3 மீட்டர் என்பது ஒரு தலைமுறைக்குள் ஒரு தெருவையும் ஒரு நூற்றாண்டுக்குள் 300 மீட்டர் நிலத்தையும் விழுங்கக்கூடிய வேகம். அந்த வேகத்துக்கு எதிரே நின்றும் ஊர் வளர்ந்தது என்றால், மக்களை அங்கே இருத்திவைத்த நீரின் ஈர்ப்பு எவ்வளவு வலியது என்பது தெளிவு.

இத்தகைய நிலை உலகில் வேறு இடங்களிலும் உண்டு. டென்மார்க்கின் வடமுனையில் ஸ்காகன் ஊருக்கு அருகே மணல் மூடிய தேவாலயம் ஒன்று 1795இல் கைவிடப்பட்டது; இன்று அதன் கோபுரம் மட்டுமே நிற்கிறது. பால்டிக் கடலோரத்தில் லித்துவேனியாவும் ரஷ்யாவும் பங்கிட்டுக்கொள்ளும் கூரோனிய மணல்திட்டில், காடுகளை அழித்ததால் நகரத் தொடங்கிய மணல் பல ஊர்களைப் புதைத்தது. 19ஆம் நூற்றாண்டில் தொடங்கிய மரநடவே எஞ்சியவற்றைக் காத்தது. தமிழ்நாட்டில் தூத்துக்குடி, திருநெல்வேலி வட்டாரங்களின் செம்மணல் தேரிகளிலும் மணலின் நகர்வைத் தடுக்க மரங்கள் நடப்பட்டுள்ளன. இவை அனைத்தும் கடலோரங்களைச் சார்ந்தவை. தலக்காட்டின் தனித்தன்மை, கடல் இன்றி ஆறு மட்டுமே இதைச் செய்தது என்பதே. இங்கும் தீர்வு மரமே ஆயிற்று: வனத்துறை நட்ட சவுக்கும் தைல மரமும் குன்றுகளைப் பிணைத்து, மணல் ஊருக்குள் முன்னேறுவதைப் பெரிதும் தடுத்தன.

சாபக் கதையும் அதன் காலமும்

1610இல் மைசூரு அரசர் ராஜ உடையார் ஸ்ரீரங்கபட்டணத்தை விஜயநகரப் பேரரசின் பிரதிநிதியாகிய திருமலையிடமிருந்து கைப்பற்றினார். நோயுற்ற திருமலை, வைத்தியேசுவரரை வழிபடத் தலக்காட்டுக்கு வந்திருந்ததாகவும், அவருடைய மனைவி அலமேலம்மாவிடம் இருந்த நகைகளைப் பெற மைசூருப் படைவீரர்கள் அனுப்பப்பட்டதாகவும், அவள் தப்பி ஓடி மாலங்கியில் காவிரியின் மடுவில் குதித்ததாகவும் கதை சொல்கிறது. தலக்காடு மணலாகவும், மாலங்கி மடுவாகவும், மைசூரு அரசர்களுக்கு மகப்பேறு இல்லாது போகவும் அவள் இறக்கும் முன் சபித்தாள் என்பது கதையின் உச்சம். அந்த நகைகளுள் ஒன்றான முத்து மூக்குத்தி ஸ்ரீரங்கபட்டணத்து ரங்கநாயகித் தாயாருக்குக் குறிப்பிட்ட நாள்களில் சாத்தப்பட்டுவந்தது என்பதும் கதையைச் சார்ந்த மரபு. மைசூரு அரண்மனையில் அலமேலம்மாவின் உருவம் வழிபடப்படுகிறது. சபித்தவளையே தெய்வமாக ஏற்று அமைதிப்படுத்தும் இவ்வழக்கம், அநியாயமாக இறந்தவரைக் குலதெய்வமாக்கும் தென்னிந்திய மரபுடன் ஒத்துச் செல்கிறது.

கதையின் மூன்று பகுதிகளையும் வரலாற்றின் முன் தனித்தனியே வைத்துப் பார்க்கலாம். மைசூரு அரசகுலத்தில் பல தலைமுறைகளில் தத்து எடுத்தே வாரிசு அமைந்தது உண்மை. மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் பின்னாளில் பத்தாம் சாமராஜேந்திர உடையார் ஆனவரைத் தத்தெடுத்ததும், நான்காம் கிருஷ்ணராஜ உடையாருக்குப் பின் அவருடைய தம்பி மகன் ஜெயசாமராஜேந்திர உடையார் அரசரானதும் இவ்வகையின. எனினும் பத்தாம் சாமராஜேந்திரருக்கும் ஜெயசாமராஜேந்திரருக்கும் மக்கள் பிறந்தார்கள் ஆதலால், கதை சொல்வது போல அது முழுமையான விதியாக இல்லை. மாலங்கியின் மடு, வளைவின் வெளிப்பக்கத்தை ஆறு ஆழமாக அரிக்கும் இயல்புக்கு மாறானதன்று. தலக்காட்டின் மணலைப் பொறுத்தவரை, மாதவமந்திரி அணைக்கட்டு 1610க்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கும் முற்பட்டது. மணலின் வரவு ஒரே நாளில் நிகழக்கூடியதும் அன்று. தலக்காடு மைசூரு அரசின் கைக்கு வந்ததே 1634இல்தான் என்று ரைஸ் குறிப்பதையும் இங்கே சேர்த்து நோக்க வேண்டும்.

ஆகவே, மெதுவாக நெடுங்காலம் நிகழ்ந்த ஒரு மாற்றத்துக்கு மக்கள் நினைவு ஒரு நாளையும் ஒரு காரணத்தையும் ஒரு குற்றவாளியையும் பின்னாளில் ஏற்றியது என்று கொள்வதே பொருந்தும். அதனால் கதை பொய் என்று ஒதுக்கத்தக்கதாகிவிடாது. ஆற்றில் மணல் மேடாவது, மடு ஆழமாவது, அரசு கைமாறுவது ஆகிய மூன்றையும் அப்பகுதி மக்கள் ஒரே காலத்தின் நிகழ்வுகளாக உணர்ந்தார்கள் என்பதற்கு அது சான்று. கல்வெட்டுகளும் செப்பேடுகளும் கொடுத்தவரின் பெயரைச் சொல்கின்றன. பறிகொடுத்தவளின் பெயரை நாட்டார் கதையே காத்துவைத்திருக்கிறது.

வழிபாடும் இன்றைய ஊரும்

தலக்காட்டின் பெருவிழா பஞ்சலிங்க தரிசனம். ஊரில் உள்ள வைத்தியேசுவரர், பாதாளேசுவரர், மரளேசுவரர் ஆகியோருடன், அருகே விஜயபுரத்தில் உள்ள அர்க்கேசுவரரையும், முடுக்குத்தொரேக் குன்றின் மேல் உள்ள மல்லிகார்ஜுனரையும் ஒரே நாளில் வழிபடுவது இவ்விழா. கார்த்திகை மாதத்துத் திங்கட்கிழமையும் அமாவாசையும் விசாக நட்சத்திரமும் உரிய யோகத்துடன் ஒன்றுகூடும் நாளிலேயே இது நிகழும் என்பதால், விழாக்களுக்கு இடையே உள்ள காலம் சீரானது அன்று. 2009, 2013, 2020 ஆகிய ஆண்டுகளில் அண்மைக்கால விழாக்கள் நடந்தன. கடைசியாகக் கூறியது பெருந்தொற்றுக் காலத்தில் வந்ததால் கட்டுப்பாடுகளுடன் நடத்தப்பட்டது.

இவ்விழா மணலுடனும் நேரடித் தொடர்பு உடையது. பாதாளேசுவரர், மரளேசுவரர் ஆகிய கோயில்கள் மணற்குன்றுகளுக்கு நடுவே பள்ளங்களில் அமைந்திருப்பதால், அடியார்கள் மணலின் மேல் நடந்து படிகளில் இறங்கியே அவற்றை அடைய வேண்டும். விழாக் காலத்தில் பெருங்கூட்டம் வருவதால் பாதைகளையும் கோயில் முற்றங்களையும் மணலிலிருந்து மீட்பது இன்றியமையாததாகிறது. ஐந்தில் ஒன்று குன்றின் மேலும் மூன்று ஊரிலும் ஒன்று அடுத்த ஊரிலும் இருப்பதால், வழிபாட்டின் எல்லை பழைய நகரின் எல்லையைத் தாண்டி, ஹோப்ளியின் பல ஊர்களை ஒரே வலத்தில் இணைக்கிறது.

1990களின் தொடக்கத்தில் கர்நாடகத் தொல்லியல் துறையும் மைசூருப் பல்கலைக்கழகமும் நடத்திய அகழாய்வுகள், மணலின் கீழ் செங்கல் கட்டடங்களும் கோயில் எச்சங்களும் சமணச் சின்னங்களும் இருப்பதைக் காட்டின. கீர்த்திநாராயணர் கோயிலை இந்தியத் தொல்லியல் துறை கல் கல்லாகப் பிரித்து மீண்டும் அடுக்கிப் புதுப்பிக்கும் பணியை மேற்கொண்டது. விடுமுறை நாள்களில் மைசூரு, பெங்களூரு நகரங்களிலிருந்து வருவோர் கோயில்களைக் காண்பதோடு, ஆற்றின் மணற்கரையில் குளிக்கவும் பரிசலில் செல்லவும் விரும்புகின்றனர். எனவே உள்ளூரில் வேளாண்மையுடன் சுற்றுலாவும் ஒரு வருவாயாக அமைந்துவிட்டது. இதற்கிடையே ஆற்றின் இயல்பும் மாறியுள்ளது. மேலே 1911இல் கட்டத் தொடங்கப்பட்ட கிருஷ்ணராஜசாகர் அணையும், 1974இல் முடிந்த கபினி அணையும் வெள்ளத்தைத் தடுத்து வண்டலையும் மேலேயே தேக்கிக்கொள்கின்றன. புதிய மணல் வருவது குறைந்தாலும், ஏற்கெனவே கரையேறிய மணல் அங்கேயே இருக்கிறது; அதைப் பிணைத்திருக்கும் மரங்கள் வெட்டப்பட்டால் அது மீண்டும் நகரக்கூடியது.

எதனைப் பேணுவது?

2023இல் பேலூர், ஹளேபீடு, சோமநாதபுரம் ஆகிய மூன்று ஊர்களின் ஹொய்சளக் கோயில்களை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது. அப்பட்டியலில் தலக்காடு இல்லை. சிற்பத்தின் நுட்பத்தையும் கட்டடத்தின் முழுமையையும் அளவுகோலாகக் கொண்டால் அதில் குறை காண முடியாது. ஆனால் அதே யுனெஸ்கோ, கூரோனிய மணல்திட்டை 2000இல் பண்பாட்டு நிலப்பரப்பு என்ற வகையில் சேர்த்தது. இயற்கையும் மனித உழைப்பும் ஒன்றின்மேல் ஒன்று செயல்பட்டு உருவான நிலத்தையே இவ்வகை குறிக்கிறது. மணலைத் தடுக்க மக்கள் தலைமுறை தலைமுறையாக நட்ட மரங்களும் செய்த காப்புகளும் அங்கே மரபின் பகுதியாகவே கொள்ளப்பட்டன. தலக்காட்டை அளக்க ஏற்ற கோல் இதுதான்.

இன்று தலக்காட்டில் கோயில்கள் தொல்லியல் துறைகளிடமும், மணற்குன்றுகளின் மரங்கள் வனத்துறையிடமும், கால்வாய் நீர்ப்பாசனத் துறையிடமும், தெருக்கள் கிராம பஞ்சாயத்திடமும் தனித்தனியே உள்ளன. ஊரின் வரலாறு இப்பிரிவுகளை ஏற்கவில்லை. 14ஆம் நூற்றாண்டில் நீர்ப்பாசனத்துக்காக எடுத்த ஒரு முடிவு, பின் வந்த நூற்றாண்டுகளில் கோயில்களின் நிலையையும் வீடுகளின் இடத்தையும் நாட்டார் கதையின் பொருளையும் தீர்மானிப்பதில் பங்கு கொண்டது. அகழாய்வுக்காகக் குன்றைத் தோண்டினால் மரங்கள் போகும். மரங்களைக் காத்தால் புதையுண்ட கட்டடங்கள் புதைந்தே இருக்கும். கால்வாயை மாற்றினால் ஆற்றின் படுகை மாறும். இவற்றை ஒரே திட்டத்துக்குள் வைத்து, எந்தக் குன்றைத் தோண்டுவது, எதை அப்படியே விடுவது என்று ஊர்மக்களையும் சேர்த்து முடிவுசெய்யும் ஏற்பாடே தலக்காட்டுக்குத் தேவைப்படுகிறது. மணலுக்கு அடியில் இருப்பவற்றைப் பொறுத்தவரை அவசரம் இல்லை, ஏனெனில் மணலே அவற்றுக்கு இதுவரை காப்பாகவும் இருந்துவந்துள்ளது. மேலே வாழும் ஊருக்கும் அதன் நீருக்கும் அத்தகைய காப்பு இல்லை என்பதால், பேணும் பணி அங்கிருந்தே தொடங்க வேண்டும்.